மலை விளையாட்டும் மீட்புச் செலவும்



எங்கள் பலமனேர் மேட்டு நிலத்து ஊர். சித்தூரிலிருந்து மேற்கே வரும் நெடுஞ்சாலை மொகிலிக் கணவாயில் வளைந்து வளைந்து ஏறி, கடல்மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேற்பட்ட இந்த மேட்டை அடைகிறது. நீலகிரிக்குப் போகும் வழி எளிதாகாத நாளில், சென்னையிலிருந்த வெள்ளைக்காரத் துரைமார் உடல் தேறுவதற்காக இவ்வூரை நாடி வந்ததுண்டு. இன்று வருகிறவர்கள் வேறு. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சனிக்கிழமை விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, முதுகில் ஒரு பையும் கையில் கேமராவுமாக வந்து சேரும் இளைஞர்கள் அவர்கள். அவர்கள் தேடுவது உடல்தேற்றம் அன்று. மலை, காடு, அருவி, அவற்றோடு சேர்ந்த சிறிது அபாயம். அந்த அபாயத்தைப் பற்றியும், அது நேர்ந்தபின் ஆகும் செலவைப் பற்றியும் இன்று சிறிது சிந்திக்க எண்ணுகிறோம்.

பலமனேரிலிருந்து குப்பம் செல்லும் வழியில் கைகல் என்னும் அருவி இருக்கிறது. கற்கள் உருண்டு விழுவதைப் போன்ற ஓசையால் அதற்குத் தெலுங்கில் துமுகுராள்ளு என்றும் ஒரு பெயர் உண்டு. கோடையில் அது சாதுவாக விழும். மழைக்காலத்தில் அதன் குணம் மாறிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலப் பிற்பகலில் நாங்கள் சிலர் அங்கே இருந்தோம். வெளியூர் இளைஞர் இருவர் அருவியின் நடுவிலிருந்த பாறைக்குத் தாவிச் சென்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். மேலே எங்கோ பெய்த மழையால் நீர் திடீரென்று பெருகிவிட்டது. அவர்கள் வந்த வழி மறைந்துபோயிற்று. பாறையின் முதுகு மட்டுமே வெளியே தெரிந்தது.

அவர்களைக் கரையேற்றியவர் யார் தெரியுமா? போலீசார் அல்லர், தீயணைப்புப் படையினரும் அல்லர். அவர்களுக்குச் செய்தி சென்று சேருமுன் காரியம் முடிந்துவிட்டது. பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரும், தக்காளிப் பெட்டிகள் ஏற்றிவந்த வண்டியின் ஓட்டுநரும் தார்ப்பாய் கட்டும் கயிற்றை அவிழ்த்து வந்து, ஒரு மரத்தில் சுற்றி, மறுமுனையை எறிந்து, இருவரையும் ஒருவர்பின் ஒருவராக இழுத்தனர். நாங்களும் கை கொடுத்தோம். ஆனால் முன்னே நின்று பாரம் தாங்கியவர் அந்தப் பெரியவரே. கயிறு ஓடியதில் அவருடைய உள்ளங்கை இரண்டும் தோலுரிந்துபோயின. கரையேறிய இளைஞரில் ஒருவர் நடுங்கிக்கொண்டே பணம் எடுத்து நீட்டினார். “தண்ணியிலே மாட்டினவனைத் தூக்குறதுக்குக் கூலியா, தம்பி?” என்று கூறிப் பெரியவர் அதை வாங்க மறுத்துவிட்டார். பிறகு பத்து நாள் அவரால் மாடு கறக்க முடியவில்லை என்று கேள்வியுற்றோம்.

மறுநாள் தேநீர்க்கடையில் இதே பேச்சு. “அருவிக்கு யாரையும் விடக்கூடாது, வேலி போட்டுப் பூட்டிவிடவேண்டும். இவர்கள் விளையாடுவார்கள், நாம் கயிறு பிடிக்கவேண்டுமா?” என்று ஒருவர் கேட்டார். கடையில் இருந்தவர் பலரும் ஆமோதித்தனர். பெரியவரின் கைகளைப் பார்த்த எங்களுக்கும் அன்று அது நியாயமாகவே பட்டது. பின்னர் ஆற அமர எண்ணிப் பார்த்தபோது, அந்தக் கேள்வியில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடப்பதைக் கண்டோம். இத்தகைய விளையாட்டுகளைத் தடைசெய்ய வேண்டுமா என்பது ஒன்று. மீட்பின் பாரத்தை யார் தாங்குவது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால்தான் நாம் தவறான முடிவுக்கு வருகிறோம் என்பது எங்கள் எண்ணம்.

முதலில் தடை வேண்டுவோரின் கட்சியை நேர்மையாகக் கேட்போம். அவர்கள் சொல்வது மூன்று. பொதுப்பணம் எல்லாருடைய வரிப்பணம். ஒருவருடைய பொழுதுபோக்கின் விளைவுக்காக அதைச் செலவிடுவது முறையன்று. இரண்டாவது, மீட்கச் செல்பவனுக்கும் ஓர் உயிர்தான் உண்டு. தானாக அபாயத்தை நாடியவனுக்காக, நாடாதவன் ஏன் அபாயத்தில் இறங்கவேண்டும்? மூன்றாவது, ஒருவன் தப்பி வந்து புகழ் பெற்றால், பத்துப்பேர் அவனைப் பின்பற்றுவார்கள். இம்மூன்றும் எளிதில் தள்ளிவிடத்தக்க வாதங்கள் அல்ல.

எங்கள் அருவியில் நடந்தது சிறிய நிகழ்ச்சி. இதே கேள்வி பெரிய அளவில் எழுந்த இடம் பாலக்காடு. 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், மலம்புழைக்கு அருகிலுள்ள சேராடு மலையில் நண்பர்களுடன் ஏறிய இளைஞர் ஒருவர் கால் வழுக்கி, செங்குத்தான பாறையின் இடுக்கு ஒன்றில் சிக்கிக்கொண்டார். உணவில்லை, நீரில்லை. கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் வந்தும் பாறையை நெருங்க இயலவில்லை. வெலிங்டனிலிருந்து ராணுவ வீரர் ஒரு குழுவினர் சாலைவழி வந்தனர். பெங்களூரிலிருந்து மலையேற்றப் பயிற்சி பெற்ற வீரர்கள் விமானத்தில் சூலூர் வந்து, அங்கிருந்து மலைக்குச் சென்றனர். இரவோடு இரவாக உச்சிக்கு ஏறி, 9ஆம் நாள் காலையில் ஒரு வீரர் கயிற்றில் இறங்கி, அவருக்கு நீர் கொடுத்து, தம்மோடு பிணைத்து மேலே கொண்டுவந்தார். நாற்பது மணி நேரத்துக்கு மேல் அந்த இளைஞர் பாறையோடு பாறையாக இருந்தார்.

நாடே மகிழ்ந்தது. ஆனால் மகிழ்ச்சி அடங்கியதும் கணக்கு வந்தது. அந்த ஒரு மீட்புக்கு ஏறத்தாழ முக்கால் கோடி ரூபாய் செலவாயிற்று என்று பத்திரிகைகள் எழுதின. சில நாட்களுக்குள் அதே மலையில் இரவில் வேறொருவர் ஏறினார். விளக்கொளியைக் கண்டு ஓடிய வனத்துறையினர் அவரையும் இறக்கிக் கொண்டுவரவேண்டியதாயிற்று. முதலில் மன்னித்துவிடப்பட்ட இளைஞர்மீதும் அதன்பின் வனச்சட்டப்படி வழக்குப் பதிவாயிற்று. தடை வேண்டுவோர் கூறும் மூன்று வாதங்களுக்கும் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே சான்று இருக்கிறது.

எனினும் இதையே சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும். அந்த மலை அனுமதியின்றிப் புகக்கூடாத வனப்பகுதி. அதாவது, தடை அங்கே ஏற்கெனவே இருந்தது. தடை இருந்தும் அவர் ஏறினார். அவருக்கு நேர்ந்ததை ஊரெல்லாம் அறிந்தபிறகும் இன்னொருவர் ஏறினார். காகிதத்தில் இருக்கும் தடை பாறையில் ஏறும் கால்களைப் பிடித்து நிறுத்துவதில்லை. மற்றொன்றையும் நோக்குக. அவரை இறக்கியது எந்தத் திறமை? பணமன்று, ஹெலிகாப்டரன்று. பாறையில் கயிறுகட்டி இறங்கவும் ஏறவும் கற்றிருந்த ஒரு மனிதரின் திறமை. மலையேறத் தெரிந்தவனே மலையில் சிக்கியவனை இறக்க முடியும். மலையேற்றத்தை ஒழித்துவிட்டால் மலையில் சிக்குவோர் ஒழிந்துவிட மாட்டார்கள். அவர்களை இறக்கத் தெரிந்தவர்களே ஒழிந்துபோவார்கள்.

இதனால்தான் நம் நாட்டு அரசே இத்திறமையை வளர்த்து வந்திருக்கிறது. 1953இல் டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்டில் ஏறினர். அதற்கு அடுத்த ஆண்டிலேயே டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. பண்டித நேரு அதில் காட்டிய ஆர்வம் யாவரும் அறிந்தது. 1965இல் உத்தரகாசியில் மற்றொரு நிலையம் அவர் பெயராலேயே எழுந்தது. இளைஞரை மலைக்கு அழைத்த அரசு, அவர்கள் தடுமாறியபோது செலவைக் காட்டிக் கதவை மூடுவது பொருந்துமா?

மேல்நாட்டாரும் இந்த வழியைச் சோதித்துப் பார்த்தவர்களே. ஆல்ப்ஸ் மலையில் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதல் ஏறிய குழுவில் நால்வர் 1865இல் இறங்கும்போது விழுந்து மாண்டனர். பின்னரும் விபத்துகள் தொடரவே, 1882இல் விக்டோரியா அரசியார் இத்தகைய மலையேற்றத்தைத் தாம் கண்டித்து ஏதேனும் சொல்லலாமா என்று பிரதம மந்திரி கிளாட்ஸ்டனைக் கேட்டனுப்பினார். தலையிட இடமில்லை என்பதே அவருடைய கருத்தாக இருந்தது. 1936இல் ஸ்விட்ஸர்லாந்தின் ஐகர் மலையின் வடக்குச் சுவரில் நான்கு இளைஞர்கள் மாண்டனர். அவர்களுள் ஒருவர், மீட்க வந்த வழிகாட்டிகளுக்குச் சில அடி தூரத்தில், கயிற்றில் தொங்கியபடியே உயிர்விட்டார். பெர்ன் மாநில அரசு அந்தச் சுவரில் ஏறுவதைத் தடைசெய்தது. தடை சில மாதங்களே நிலைத்தது. 1938இல் வேறு நால்வர் அதே சுவரில் ஏறி உச்சியைத் தொட்டனர்.

தடை பயன்படாத இடத்தில் எது பயன்பட்டது? 1896இல் வியன்னாவுக்கு அருகிலுள்ள ராக்ஸ் மலையில் பனிச்சரிவில் மூவர் மாண்டனர். அந்தத் துயரத்தின் பின் வியன்னா மலையேறிகள் தாங்களே கூடி ஒரு மீட்புக் குழுவை அமைத்தனர். மலைமீட்புக்கென்றே அமைந்த சங்கங்களில் அதுவே மூத்தது என்பர். மலையை நேசிப்பவர்களே மலையின் அபாயத்துக்கும் பொறுப்பேற்றார்கள் என்பதே இதன் சிறப்பு.

இனி நம் தமிழ்நாட்டின் பெருந்துயரத்துக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட மலை நடையினர் காட்டுத் தீயில் அகப்பட்டனர். சென்னையிலிருந்து வந்தவர்களும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தனர், பெண்கள் பலர். காய்ந்த புல், மேல்நோக்கி வீசும் காற்று, வழி தெரியாத இறக்கம் எல்லாம் சேர்ந்துகொண்டன. அன்றும் பின்னர் மருத்துவமனைகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அன்று மாலை முதன்முதலில் மேலே ஓடியவர்கள் யார்? குரங்கணி ஊராரும், தோட்டத் தொழிலாளரும், வனக் காவலருமே. போர்வைகளில் கட்டி, இருட்டில், கரடுமுரடான சரிவில் அவர்கள் தூக்கி வந்தனர். விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோ வீரர்களும் சேர்ந்தது அதன்பின். எங்கள் அருவியில் மாடு மேய்ப்பவர் கயிறு பிடித்ததும், குரங்கணியில் தோட்டத் தொழிலாளி போர்வையைத் தூக்கியதும் ஒரே செயல்தான். மீட்பின் முதல் மணி நேரம் எப்போதும் உள்ளூர் ஏழையின் தோளில்தான் விழுகிறது. முக்கால் கோடி, ஒரு கோடி என்று போடும் கணக்குகளில் அந்தத் தோளுக்குரிய வரி எழுதப்படுவதே இல்லை.

குரங்கணிக்குப் பின் அரசு மலைநடையை நிறுத்திவைத்தது, விசாரணை நடத்தியது, அதே ஆண்டில் மலைநடை ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. எந்த வழியில் எவ்வளவு பேர் செல்லலாம், யார் துணைக்கு வரவேண்டும், எந்தப் பருவத்தில் மூடவேண்டும் என்று வரையறுப்பதே அவற்றின் நோக்கம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் வனத்துறையும் சேர்ந்து, 14 மாவட்டங்களில் 40 மலைவழிகளைத் தேர்ந்து திறந்துவிட்டன. வழிகள் எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என வகுக்கப்பட்டன. முன்பதிவு செய்து கட்டணம் செலுத்தியவரே போகலாம். வழிகாட்டுவோர், அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடியினரும் கிராமத்து இளைஞருமாகிய பயிற்சி பெற்றவர்கள். தீப் பிடிக்கும் பருவத்தில் வழிகள் மூடப்படும்.

இத்தனை உயிர்களைப் பலிகொடுத்த மாநிலம் இறுதியில் தடையில் நிற்கவில்லை. ஒழுங்கில் வந்து நின்றது. செலவின் கணக்கும் அங்கே இடம் மாறிவிட்டது. விபத்துக்குப் பின் பார்த்த கணக்கை, மலையடிவாரத்தில், ஏறுவதற்கு முன்பே பார்க்கிறார்கள். முன்பு கூலியில்லாமல் போர்வை தூக்கியவரின் இனத்தார், இப்போது ஊதியம் பெற்று முன்னே நடக்கிறார்கள். எங்கள் கருத்தில் இந்தப் பேச்சின் சாரம் இதுதான்.

சிலர் வேறு வழி சொல்வதுண்டு. “தடை வேண்டாம், மீட்டபிறகு செலவை அவரிடமே வசூலிக்கலாம்” என்பது அது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். அமெரிக்காவில் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கவனக்குறைவால் சிக்கியவரிடம் மீட்புச் செலவை வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மலைமீட்புத் தொண்டர் பலர் இதை விரும்புவதில்லை. பணம் கட்டவேண்டுமே என்று அஞ்சுபவன் உடனே உதவி கேட்கமாட்டான், தானே சமாளிக்கப் பார்ப்பான், பொழுது சாயும், கால் முறிந்தவன் குளிரில் விறைப்பான். பகலில் இரண்டுபேர் சென்று அழைத்து வந்திருக்கக்கூடியவனை, நள்ளிரவில் இருபதுபேர் தேடிப் போகவேண்டியதாகும். செலவும் கூடும், மீட்கச் செல்பவனின் அபாயமும் கூடும். இதை உணர்ந்தே போலும், அந்த மாநிலம் 2015 முதல் முன்பணச் சீட்டு ஒன்றை விற்று வருகிறது. சிறு தொகை செலுத்தி அதை முன்னரே வாங்கியவர், கவனக்குறைவுக்காகப் பணம் கட்டவேண்டியதில்லை. வேண்டுமென்றே துணிந்து கெட்டவருக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. ஸ்விட்ஸர்லாந்தில் 1952இல் தோன்றிய ரேகா என்னும் விமான மீட்பு நிறுவனத்துக்கு, முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஆண்டுதோறும் சிறு காணிக்கை செலுத்தி ஆதரவாளராக இருக்கின்றனர். ஒருவருக்கு ஆபத்து வரும்போது பலருடைய சிறு பணம் அவரைத் தூக்குகிறது. நம் ஊர்ச் சீட்டுப் பிடிக்கும் வழக்கத்தை அறிந்தவருக்கு இதில் வியப்பொன்றும் இராது.

பணத்தை முன்னே வைத்து மீட்பை வாணிபமாக்கினாலும் தீங்குண்டு. நேபாளத்தில் மலைநடையினரைத் தேவையில்லாமலே ஹெலிகாப்டரில் ஏற்றி, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் பெருந்தொகை கறந்த மோசடி 2018இல் அந்நாட்டு அரசின் விசாரணையிலேயே வெளிப்பட்டது. ஆகவே, மீட்பு இலவசமாகத் தோன்றினால் அசட்டையும், இலாபமாகத் தோன்றினால் மோசடியும் வளர்கின்றன. முன்கூட்டியே செலுத்திய சிறு கட்டணம், அதை நிர்வகிக்கும் பொது நிறுவனம் என்பதே இரண்டுக்கும் இடைப்பட்ட வழி.

“தேவைக்காகச் செல்பவன் வேறு; விளையாட்டுக்காகச் செல்பவன் வேறு அல்லவா?” என்று நேயர்கள் கேட்கலாம். வேறுதான். ஆனால் எல்லைக்கோடு நாம் நினைப்பதுபோல் அத்தனை தெளிவானதன்று. எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத திருப்பதியை எடுத்துக்கொள்வோம். அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையில் 3,550 படிகள் என்பர். ஊர்தியில் செல்ல வழி இருந்தும், நேர்த்திக்கடனாக நடந்து ஏறுவோர் நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர். 2023 ஆகஸ்டில் அந்தப் பாதையில் பெற்றோருடன் சென்ற ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றுவிட்டது. நாட்டையே உலுக்கிய துயரம் அது. பாதையை நிரந்தரமாக மூடிவிடவேண்டும் என்று அறிவுடையோர் எவரும் தீர்மானிக்கவில்லை. குழந்தைகளோடு செல்வோருக்கு நேரம் வரையறுத்தார்கள், கூட்டமாகச் செல்லச் சொன்னார்கள், கைத்தடி கொடுத்தார்கள், காட்டில் கேமராக்களும் கூண்டுகளும் வைத்தார்கள். கோயம்புத்தூர் வெள்ளியங்கிரி மலையில் ஏறும் பக்தர்களில் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் இறப்பவர் அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அங்கும் உடல்நலமில்லாதவர் ஏறவேண்டாம் என்ற எச்சரிக்கைதான், தடையன்று. பக்தனுக்கு அபாயத்தை ஒழுங்குபடுத்தத் தெரிந்த நமக்கு, விளையாட்டு வீரனுக்கு மட்டும் தடைதான் தோன்றுவானேன்? இருவருடைய முழங்காலும் ஒன்று. இருவருடைய நெஞ்சும் ஒன்று.

ஜல்லிக்கட்டையும் இங்கே நினைவுகூரலாம். அதற்கு வந்த தடை மாடுகளின் துன்பம் பற்றியது. நம் வழக்கு வேறு. ஆனால் இன்று அது நடக்கும் முறையைப் பாருங்கள். வீரர்களுக்கு முன்பதிவு, மருத்துவர் சோதனை, இருபுறமும் வேலி, ஆயத்தமாக நிற்கும் ஆம்புலன்ஸ் ஆகிய இவையெல்லாம் விளையாட்டின் உறுப்பாகவே ஆகிவிட்டன. காளை வாசல் திறக்கும் முன்பே மீட்பு அங்கே நின்றுகொண்டிருக்கிறது.

இதனால் எந்தத் தடையும் எப்போதும் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. காலத்தையும் இடத்தையும் பொறுத்த தடை அறிவுடைமை. குற்றாலத்தில் அருவி பெருகும்போது குளிக்கத் தடை வரும். நீர் தணிந்ததும் தடை நீங்கும். 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்ற துயரம், அந்தக் காவலில் ஒரு நொடி தவறினும் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. அதற்காகக் குற்றாலத்தை யாரும் என்றென்றைக்குமாக மூடவில்லை. உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018 ஜூனில் ஆற்றுப் படகு விளையாட்டையும் வானில் மிதக்கும் பாராகிளைடிங்கையும் நிறுத்தியபோதும், அரசு விதிகள் வகுக்கும்வரை என்றே நிறுத்தியது. விதியில்லாத அரசை விழிக்கச் செய்யும் தடை அது. அருவியை நிரந்தரமாகப் பூட்டிவிட்டு உறங்கச் செல்லும் தடை வேறு வகையானது.

செலவைப் பற்றியே இன்னும் ஒரு வார்த்தை. எங்கள் மொகிலிக் கணவாயில் 2024 செப்டம்பரில் பஸ்ஸும் லாரிகளும் மோதிப் பலர் மாண்டனர். இந்தியச் சாலைகளில் ஓராண்டில் இறப்போர் தொகை ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவர்களுள் வேகத்தின் இன்பத்துக்காக ஓட்டியவரும் இருப்பர். விபத்தில் கிடப்பவரிடம், நீ எதற்காகப் புறப்பட்டாய் என்று கேட்டுவிட்டா நாம் அவரைத் தூக்குகிறோம்? தூக்கும்போது எவரும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் அந்தக் கேள்வி மலையோடு நிற்காது. குடித்தவன், புகைத்தவன், வெள்ளத்தில் வீடு கட்டியவன் என்று ஒவ்வொருவராக வரிசை நீளும். உயிர் ஊசலாடும் நேரத்தில் தராசு எடுப்பவன் நல்ல சமுதாயத்தைக் கட்டமுடியாது.

ஆதலின், பலமனேரையும் அதைச் சூழ்ந்த காட்டையும் மனத்தில் வைத்து நான்கு யோசனைகளைக் கூற விரும்புகிறோம். எங்கள் கௌண்டின்யக் காட்டில் யானைகளும் உலவுகின்றன என்பதை வெளியூர் அன்பர்கள் மறக்கலாகாது.

முதலாவது, அருவிக்கும் மலைக்கும் செல்பவர் பெயர், தொகை, போகும் வழி, திரும்பும் நேரம் ஆகியவற்றைப் பதிந்துவிட்டுச் செல்லவேண்டும். மீட்பில் நேரமும் பணமும் தூக்குவதில் மட்டுமன்று, தேடுவதிலும் செலவாகின்றன. திருட்டுத்தனமாகச் செல்பவன் இருக்குமிடம் எவருக்கும் தெரியாது. தடை திருட்டுத்தனத்தைப் பெருக்கும். பதிவு அதைக் குறைக்கும்.

இரண்டாவது, நுழையும்போதே சிறு கட்டணம் வாங்கி, அதன் ஒரு பகுதியை மீட்பு நிதியாக ஒதுக்கவேண்டும். அந்நிதி கயிறும், மிதவையும், தூக்குக்கட்டிலும், முதலுதவிப் பெட்டியுமாக அருவிக்கரையிலேயே இருக்கவேண்டும். மாவட்டத் தலைநகரின் பீரோவில் இருந்து பயனில்லை. தார்ப்பாய்க் கயிற்றை நம்பி இரண்டு உயிர்கள் இனியும் தொங்கக்கூடாது.

மூன்றாவது, சுற்றுக் கிராமங்களின் இளைஞருக்கும், மேய்ப்பவருக்கும், வனக் காவலருக்கும் பயிற்சி அளித்து, மாத ஊதியமோ அழைப்பூதியமோ கொடுத்து, காயத்துக்குக் காப்புறுதியும் செய்யவேண்டும். முதலில் ஓடிவரப்போகிறவர் எப்படியும் அவரே. வெறுங்கையோடு ஓடிவருவதா, கையுறையோடு வருவதா என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்கிறோம்.

நான்காவது, பருவத்துக்கேற்ற மூடுதலும், மீறியவருக்கு அபராதமும் வேண்டும். அபராதம் விதியை மீறியதற்காக இருக்கட்டும், மீட்கப்பட்டதற்காக இருக்கவேண்டாம். இந்த வேறுபாடு நுட்பமாகத் தோன்றலாம். பாறைமேல் சிக்கி நின்று, கூவி அழைப்பதா வேண்டாமா என்று தயங்குபவனுக்கு இது உயிர் வேறுபாடு.

மலைக்குச் செல்லும் இளைஞரிடமும் ஒன்று சொல்லவேண்டும். தம்பிமாரே, தங்கைமாரே, உங்கள் துணிவை நாங்கள் பழிக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த சமுதாயம் எதையும் ஏறிக் கடக்காது. ஆனால் உங்கள் துணிவு உங்களுடையது மட்டுமன்று. நீங்கள் ஒரு பாறைக்குத் தாவும்போது, முகம் தெரியாத ஒருவரையும் உங்களோடு அழைத்துக்கொண்டே தாவுகிறீர்கள். அவருக்கு மாடு உண்டு. வீட்டில் பிள்ளைகள் உண்டு. மேலே மேகம் கறுத்தால் திரும்பிவிடுவதும் வீரமே. உச்சிக்கு நூறு அடி இருக்கையில் திரும்பி வந்த மலையேறிகளை அத்துறையார் கோழை என்று சொல்வதில்லை.

அன்று அந்தப் பெரியவர் கூலி வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரியே, உயிருக்குக் கூலியில்லை. ஆனால் அவர் வாங்க மறுத்ததை நாம் கொடுக்க மறந்துவிட்டதற்குக் காரணமாகக் காட்டலாகாது. அவருடைய கைகளுக்குச் சமுதாயம் கடன்பட்டிருக்கிறது. அருவியைப் பூட்டி அந்தக் கடனைத் தீர்க்க முடியாது. அடுத்தமுறை அவர் கையில் நல்ல கயிறும், பக்கத்தில் பயின்ற துணைவரும் இருக்கச் செய்வதே அதைத் தீர்க்கும் வழி.